பட்டாளம் கடந்த காவிரிக்கரை... பழைய பயோனெட்டின் வயதைச் சொல்லும் முத்திரைகள்!

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் காவிரி அகலமாக ஓடுகிறது. அக்கரை, கரூர் மாவட்டம். இக்கரையில் அசலதீபேஸ்வரர் கோயில். 'நாமக்கல் கவிஞர்' வெ.ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்த ஊர் இது. அப்பா போலீஸ்காரர். மகனோ, 1930 உப்பு சத்தியாகிரகத்துக்கு, ஆயுதமில்லாத யுத்தத்தைப் பாட்டாக எழுதிக் கொடுத்தார்.

ஆனால், அவர் பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் இந்தச் சீமை முழுக்க ஆயுதங்கள்தான். 1768-ல் கர்னல் வுட்டின் கம்பெனிப் படை நாமக்கல் கோட்டையைப் பிடிக்க, ஹைதர் அலி அதை மீட்டார். 1790-ல் ஜெனரல் மெடோஸின் படை கரூருக்கு வந்தது. 1792 உடன்படிக்கையில் சேலம் சீமை கம்பெனி வசமானது.

அந்தச் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் இருந்தது பயோனெட். பழைய தமிழில், 'துப்பாக்கிச் சனியன்'.

எப்படி அடையாளம் காண்பது?

*கைப்பிடி இருக்கிறதா?* கம்பெனி காலத்து பயோனெட்டுக்குக் கைப்பிடி கிடையாது. துப்பாக்கிக் குழலில் மாட்ட ஒரு குழாய், அதிலிருந்து நீளும் சுமார் 17 அங்குல, முப்பட்டை அலகு. அவ்வளவுதான்.

*கத்தி போல இருக்கிறதா?* மரக் கைப்பிடியும் தட்டையான அலகும் இருந்தால், பெரும்பாலும் அது பிற்காலத்து ரைஃபிளுக்கானது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் பயன்படுத்தியது '1907 மாடல்'.

*எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!* கைப்பிடியை ஒட்டிய அலகில் கிரீடம், அதன் கீழே '1907' என்று இருக்கும். அது மாடலின் ஆண்டு. தயாரித்த மாதமும் ஆண்டும் தனியாகச் சின்ன எண்களில் இருக்கும். '5 17' என்றால் 1917 மே.

*எழுத்துகள்:* 'ஆர்.எஃப்.ஐ' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் பிறந்தது. அம்புக்குறி, அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. 'எக்ஸ்' குறி, அலகை வளைத்துச் சோதித்ததற்கான அத்தாட்சி.

*நீளம்:* இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் 17 அங்குல அலகை 12 அங்குலமாகக் குறைத்தார்கள்.

கிடைத்தால் என்ன செய்வது?

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ, பட்டறையில் சாணை பிடித்தாலோ முத்திரைகள் அழிந்துவிடும். பிறகு அது யாருடையது, எந்த ஆண்டுடையது என்று சொல்ல வழியே இல்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலும் அதே கதிதான்.

ஆயுத விதிகளின் பட்டியலில் பயோனெட்டும் உண்டு. எனவே, மண்ணுக்கடியில் பழைய ஆயுதம் தட்டுப்பட்டால் அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். புதையல் சட்டம் 1878-லிருந்தே அமலில் இருக்கிறது. துருவோடு ஒப்படைத்தால் போதும். சுத்தம் செய்வதை அருங்காட்சியகம் பார்த்துக்கொள்ளும்!