யாருடைய தமிழுக்குக் கைதட்டல்?

மூலக்குளத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் போன வாரம் ஒரு பிள்ளை தன் அம்மாவின் செல்போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இந்த வெள்ளைக்காரியப் பாருங்க, நம்மள மாதிரியே தமிழ் பேசுது!" நடிகை கல்கி கோச்லின் ஒரு பேட்டியில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்து ரசித்தார்கள். பின்வரிசையில் இருந்தவள் மட்டும் கேட்டாள்: "நானும் தமிழ்தான் பேசுறேன். எனக்கு ஏன்க்கா யாரும் கை தட்டல?"

அவள் சும்மா கேட்கவில்லை. எங்கள் வீதி நாடகத்தில் அவள்தான் நாயகி. சில மாதங்களுக்கு முன்பு இந்தப் பக்கம் ஒரு குறும்படம் எடுக்க வந்தவர்களிடம் ஆசையாகப் போய் நின்றிருக்கிறாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குப்பத்து சீன் வரும்போது கூப்பிடுறோம், கூட்டத்துல நில்லு" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முகத்துக்கு என்ன க்ரீம் போடலாம் என்று அவள் அம்மாவிடம் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவளுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்கி 1984இல் புதுச்சேரியில் பிறந்தவர். பெற்றோர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். ஆரோவில்லிலும் ஊட்டியிலும் வளர்ந்து, லண்டனில் நாடகம் படித்துவிட்டு மும்பைக்குப் போனார். 2009இல் வந்த 'தேவ் டி' இந்திப் படம் அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது வாங்கித் தந்தது. வெள்ளை நிறம் கதவைத் திறந்தது. அதே நிறம் வேலியாகவும் ஆனது. வெளிநாட்டுப் பெண் வேடமா, கூப்பிடு கல்கியை என்றார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. 'தட் கேர்ள் இன் எல்லோ பூட்ஸ்' படத்தின் திரைக்கதையைத் தானும் சேர்ந்து எழுதி நடித்தார். 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா' படத்தில் பெருமூளை வாதம் உள்ள மாணவியாக நடித்துத் தேசிய விருதுக் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றார். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை வெளிப்படையாகப் பேசினார். உழைப்பாளி, துணிச்சல்காரர். எனக்கு அவர்மீது எந்தப் புகாரும் இல்லை. இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுபவருக்கு முதல் தமிழ்ப் படம் 2019இல்தான் அமைந்தது. அந்த 'நேர்கொண்ட பார்வை'யிலும் ஒரு பாட்டுக்குத்தான் வந்துபோனார்.

என் கேள்வி கைதட்டுகிறவர்களிடம்தான்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். 'சொல்தா வீட்டுப் பாட்டி' என்றால் எல்லாருக்கும் தெரியும். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாட்டியிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர். சட்டப்படி அவரும் பிரெஞ்சுக்காரிதான். ஆனால் நம்ம ஊர் பிரெஞ்சுக்காரி என்று யாரும் அவரைப் படம் பிடித்ததில்லை. கறுப்பு நிறம், சுங்குடிச் சேலை, திண்ணை. அவரைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம், காலனியா?"

இந்தப் பாட்டிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1881இல் வந்த ஆணைப்படி, பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்றானது. பதிந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் கணிசமானவர்கள். புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். சாதி கேட்காத ஒரு சட்டத்தின் முன்னால் நிற்க அவர்கள் தேடிய வழி அது. பிள்ளைகள் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போனார்கள். பெயர் மாறியது, பாஸ்போர்ட் மாறியது. ஊர் அவர்களைப் பார்த்த பார்வை மட்டும் மாறவில்லை.

சினிமா அந்தப் பார்வையைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. அதன் நாயகி பி.கே. ரோசி ஒரு தலித் பெண். படத்தில் அவர் ஏற்றது நாயர் பெண் வேடம். அதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் திரைக்குக் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் தப்பித்துத் தமிழ்நாட்டுக்கு வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் ஒளிந்து வாழ்ந்து மறைந்தார். அதற்குப் பிறகு அவர் நடிக்கவே இல்லை. ரோசி பிறந்தது இதே தென்னிந்தியாவில், பேசியது இதே மண்ணின் மொழி. அது அவரைக் காப்பாற்றவில்லை.

கடல் கடந்து வந்த குடும்பத்துப் பெண் நம் மொழியைப் பேசினால் 'நம்ம பொண்ணு' என்று அணைத்துக்கொள்கிறோம். நல்லது, அணைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே கிடக்கிற பிள்ளையைக் 'கூட்டத்துல நில்லு' என்கிறோமே, அவள் எந்த ஊர்ப் பொண்ணு?

இந்த வாரம் வகுப்பில் ரோசியின் கதையைச் சொன்னேன். கல்கி தன் படத்துக்குத் தானே எழுதியதையும் சொன்னேன். பின்வரிசைக்காரி வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அடுத்த நாடகத்துல நான் யாருக்கா?"

"நீயே எழுது. யாரா வேணும்னாலும் இரு" என்றேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் போயிருக்கிறாள். அவள் அம்மாவிடம் விசாரித்தேன். இந்த வாரம் க்ரீம் பற்றிப் பேச்சு வரவில்லையாம்.