முன்வரிசைக்கான பாடம்

கல்வியாண்டு முடியும் தறுவாயிலும் அடுத்த ஆண்டு தொடங்கும் வேளையிலும், சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு நம் இளைஞர்கள் பள்ளிப் படிகளை ஏறி இறங்குகின்றனர். தனியார் பள்ளிகள் பலவற்றில் நேர்காணலோடு முடிவதில்லை. "ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள்" என்கிறார்கள். ஆங்கில ஆசிரியராக வருவோர்க்கு இது இரட்டைச் சோதனை. அவர் நடத்தும் பாடமும் பேசும் மொழியும் ஒரே தராசில் ஏறுகின்றன.

பள்ளித் தாளாளர் என்ற முறையில் இத்தகைய வகுப்புகளைப் பின்வரிசையிலிருந்து பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தயாரிக்காமல் வருபவர் மிகச் சிலரே. ஆனால் யாருக்காகத் தயாரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒருமுறை ஓர் இளைஞர் எட்டாம் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்தினார். தங்குதடையற்ற ஆங்கிலம், கரும்பலகை நிறைய விதிகள். அவருடைய கண்கள் மட்டும் பின்வரிசையில் இருந்த எங்களையே நாடின. பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து வந்த பெண், தமிழ்வழியில் பயின்று தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர். ஆறாம் வகுப்பில் 'இன்', 'ஆன்', 'அண்டர்' என்னும் மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்து எங்கே என்று கேட்டார். "இன் தி டேபிள்" என்றான் ஒரு சிறுவன். தவறு என்று அவர் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து சாக்குக்கட்டியை உள்ளே போட்டு, "இன்" என்றார். பிறகு எடுத்து மேலே வைத்துவிட்டுக் காத்திருந்தார். சிறுவன் சற்று யோசித்து, "ஆன்!" என்று கூவினான். வகுப்பே சிரித்து மகிழ்ந்தது.

தேர்வுக் குழுவில் கருத்து வேற்றுமை எழுந்தது. "ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்கிறாரே, சாமி" என்றார் ஒருவர். அந்தக் குறை சிறிதன்று. பிள்ளைகள் ஆசிரியரின் நாவைப் பார்த்தே பேசக் கற்கின்றனர். ஆயினும் பயிற்சியால் உச்சரிப்பு திருந்தும். ஒரு குழந்தையின் தவறான விடைக்குமுன் பொறுமையோடு காத்திருக்கும் மனத்தை எந்தப் பயிற்சியில் தருவது? நெடுநேரம் பேசிய பிறகு அந்தப் பெண்ணையே தேர்ந்தோம்.

கல்வியியல் கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் என்றொரு பயிற்சி உண்டு. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. நம் நாட்டில் வழங்கும் வடிவில் 6 நிமிடம் பாடம் நடத்துவர். 6 நிமிடம் குறைநிறை கேட்பர். 12 நிமிடம் திருத்தியமைப்பர். மீண்டும் 6 நிமிடம் நடத்தி, 6 நிமிடம் கருத்துக் கேட்பர். ஆக 36 நிமிடத்தில் நடத்துவதற்கு 12 நிமிடந்தான். மற்ற 24 நிமிடமும் செவிமடுப்பதற்கும் செப்பனிடுவதற்கும் உரியவை. பாடத்தின் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியேதான் உருவாகிறது.

ஆதலால், மாதிரி வகுப்புக்கு முன் என்னிடம் வரும் பங்கு இளைஞர்களிடம் சிலவற்றைச் சொல்வதுண்டு. எந்த வகுப்பு, எத்தனை நிமிடம், எத்தனை பிள்ளைகள் என்று பள்ளியிடம் முன்னதாகவே கேளுங்கள்; கேட்பது குறையன்று. மணி அடிக்கும்போது பிள்ளைக்கு எது கைவந்திருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிடில் பாடம் பெரிதாகிவிட்டது, குறையுங்கள். கரும்பலகையில் எழுதப்போவதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேட்கப்போகும் வினாக்களோடு, பிள்ளைகள் சொல்லக்கூடிய தவறான விடைகளையும் எண்ணிப் பாருங்கள். நேரம் குறைந்தால் எதை விடுவது என்றும் முடிவுசெய்யுங்கள். ஒருமுறை வாய்விட்டு நடத்திப் பாருங்கள். தம்பியோ தங்கையோ முன்னால் இருந்தால் போதும்.

நம் பங்கில் பெற்றோராகவும் பள்ளிக் குழுவினராகவும் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சரளமான ஆங்கிலம் நம்மை எளிதில் மயக்கிவிடும். மாதிரி வகுப்பு முடிந்ததும், வந்தவர் எப்படிப் பேசினார் என்று நமக்குள் பேசிக்கொள்வதற்கு முன், முன்வரிசைப் பிள்ளை ஒருவனை அழைத்து, "இன்று என்ன தம்பி கற்றுக்கொண்டாய்?" என்று கேட்போம். ஓர் ஏழைக் குடும்பத்தின் வாழ்வும் ஒரு வகுப்பின் ஓராண்டும் அவன் தரும் விடையில் அடங்கியிருக்கக்கூடும்.