மரியாதைக்கு ஒரு 'போ'!

என் கணவருக்கு மாற்றலாகி மணிலாவில் குடியேறியபோது, கியாப்போ பகுதியின் சந்தைதான் எனக்கு டகாலோக் மொழிப் பள்ளிக்கூடம். சந்தைக்கு அங்கே 'பலெங்கே' என்று பெயர். 'மக்கானோ போ?' என்றால், 'என்ன விலைங்க?' நம்ம ஊரில் 'போ' என்றால் விரட்டுவது. அங்கே அதுவே மரியாதை!

நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதுபோல அவர்களும் 'பாலாய்', 'பிகாஸ்', 'கானின்' என்று பிரிக்கிறார்கள். 'மங்கா' நம் மாங்காயேதான். மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல். வாங்குகிறவளும் விற்கிறவளும் ஒருவரையொருவர் கூப்பிடுவது 'சூக்கி'. பேரம் பேசுவதற்கும் மன்னிப்புக்கும் ஒரே சொல், 'தாவாத்'.

ஒரு ராத்திரி என் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அவர் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "ஆத்தே, லக்னாத்!" என்றேன். 'அக்கா, ஜுரம்' என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டார் அந்த அம்மாள்.

வெளிநாடு போகும் சகோதரிகளே, இலக்கணம் மெதுவாக வரட்டும். பாலுக்கு 'காத்தாஸ்', மருந்துக்கு 'கமோத்' என்பதுபோல, குழந்தைக்கு வேண்டிய நாலு சொல்லை முதல்ல கத்துக்குங்க. கூடவே, 'அக்கா' என்று கூப்பிடவும்!