இன்னொரு ஏரியின் இரை

கொக்கனி மீன் பிடிக்க வேகம் உதவாது. சிறுபிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல, மணிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவில் படகு ஊர வேண்டும். பின்னால் தூண்டில் இழுபட்டு வரும். ட்ரோலிங் என்கிறார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒகனாகன் என்றோர் ஏரி. நீளம் 135 கிலோமீற்றர். ஆழம் கூடிய இடத்தில் 232 மீற்றர். அதன் கரையிலுள்ள கெலோனா நகரில் என் மச்சான் குடும்பத்தோடு வசிக்கிறார். 2019 ஓகஸ்ட் விடுமுறையில் அங்கு போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை சுபஹ் தொழுத கையோடு என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். மீன்பிடி அனுமதிப் பத்திரம் அவரிடம் மட்டுமே இருந்ததால் நான் பார்வையாளன்தான்.

கொக்கனி, கடலுக்குப் போகாத சால்மன். பிறப்பும் வளர்ப்பும் நன்னீரிலேயே. மூன்று நான்கு வருடங்கள் வெள்ளியாய் மின்னிவிட்டு, இலையுதிர்காலத்தில் சிவந்து, முட்டையிட்டபின் இறந்துவிடும். கோடையில் மேல்நீர் சூடேற, குளிர்ச்சி தேடி ஆழத்துக்கு இறங்கும். எனவே கனத்த ஈயக்குண்டொன்றைக் கம்பியில் இறக்கி, தங்கூசியை அதில் கொளுவி, அறுபதடி ஆழத்தில் இழுக்கிறார்கள். மினுங்கும் ஒரு தகடு, இளஞ்சிவப்புக் குஞ்சத்தோடு தூண்டில், அதன் முனையில் டின்னில் வரும் வெள்ளைச் சோளமணி. மீன் கடித்ததும் தங்கூசி குண்டிலிருந்து விடுபடும். அதன் வாய் மிக மெல்லியது. பலமாக இழுத்தால் கிழிந்துவிடும். தொய்ய விட்டால் கழன்றுவிடும்.

பத்து மணியாவதற்குள் ஏரி சந்தையாகிவிட்டது. பாய்மரப் படகுகள், நீர்ச்சறுக்குக்காரர், மோட்டார்ச் சைக்கிள்போல் சீறும் வண்டிகள். மச்சான் ஒரு மீனைப் படகருகே கொண்டுவந்த வேளையில், ஒரு வேகப்படகு எங்கள் பின்புறத்தை ஒட்டிக் கடந்தது. அலை எங்களைத் தூக்கிப்போட்டது. தங்கூசி தொய்ந்தது. மீன் போயிற்று.

நான் கோபப்பட்டேன். மச்சான் சிரித்தார். "அவனுக்கு நம்மட தங்கூசி தெரியாதே, மச்சான். தண்ணிக்குக் கீழே என்ன இருக்குன்னு மேலே போறவனுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு, அந்த ஏரியின் கதையைச் சொன்னார். 1949இல், அதே மாகாணத்தின் கூட்டனி ஏரியில் மைசிஸ் என்னும் சின்னஞ்சிறு இறாலை விட்டார்கள். மீன்களுக்கு நல்ல இரை கிடைக்கட்டும் என்ற எண்ணம். அந்த ஏரியின் மேற்குக் கிளையில் ஆழம் குறைவு. நீரோட்டம் இறாலை அந்த மேட்டுக்குத் தள்ளிக் கொடுத்தது. அங்குள்ள கொக்கனிகள் தின்று வழமைக்கு மாறாகப் பெருத்தன. பார்த்தவர்கள் மற்ற ஏரிகளுக்கும் அதையே கொண்டுபோனார்கள். 1966இல் ஒகனாகனிலும் விட்டார்கள்.

ஒகனாகனோ ஆழமான ஏரி. பகலில் இறால் இருண்ட அடியாழத்தில் பதுங்கிக்கொண்டது. கண்ணால் பார்த்து உண்ணும் கொக்கனிக்கு அது எட்டவில்லை. இரவில் மேலேறி, கொக்கனி நம்பியிருந்த நுண்ணுயிர்களையே இறால் தின்றது. இரையாக வந்தது போட்டியாளனாயிற்று. முட்டையிடும் ஓடைகளும் மனிதர் கையால் கெட்டிருந்தன. மீன் அருகி, 1995இல் கொக்கனி பிடிப்பதையே தடைசெய்தார்கள். இறாலை வலைபோட்டு அள்ளியும் பார்த்தார்கள். ஓரளவு மீண்டபின், ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே தூண்டிலுக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

இதைக் கேட்டதிலிருந்து, எனது மேசைக்கு வரும் சுற்றுநிருபங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன. எங்கோ ஒரு பாடசாலையில் வெற்றிபெற்ற திட்டம், எல்லாப் பாடசாலைகளுக்கும் அப்படியே அனுப்பப்படுகிறது. கலாசாலையில் மாதிரிப் பாடம் நடத்திய நாள் முதல் இது எனக்குப் பழக்கம். அனுப்புபவர்கள் கெட்டவர்களல்லர். இறாலை விட்டவர்களும் கெட்டவர்களல்லர்.

பெற்றோர் இரவில் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றொரு பயிற்சி வந்தது. அருமையான பயிற்சிதான். என் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் உம்மாமார் மத்திய கிழக்கில். வாப்பாமார் பொழுதுபட்டால் வலையோடு கடலுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் வெறும் கொப்பியோடு வந்த அம்மூவரும் தலைகுனிந்து நின்றார்கள். வாசிப்பை வளர்க்க வந்த பயிற்சி, அவர்களை வாசிப்புக்குப் பயப்பட வைத்தது.

இப்போது பாடசாலை விட்டபின் அந்த மூவரையும் அரைமணிநேரம் வேப்பமரத்தடியில் இருத்தி, நானே வாசித்துக் காட்டுகிறேன். அறிக்கைப் படிவத்தில் இதை எழுத ஒரு கூடும் இல்லை. பரவாயில்லை. அவர்கள் நீந்தும் ஆழம் அதுதான்.