மூன்றரை நட்சத்திரச் சாப்பாட்டை யாரும் சாப்பிட்டதில்லை

செஞ்சியில் திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையை ஒட்டி இருக்கிற சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி விசாரித்தால், ஒரே கடைக்கு இரண்டு தீர்ப்பு கிடைக்கிறது. பரோட்டா பஞ்சு மாதிரி, சால்னாவுக்காகவே வரலாம் என்பது ஒன்று. ஆறிப்போன பரோட்டா, தண்ணிச் சால்னா, கூப்பிட்டாலும் ஆள் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் கூட்டி வகுத்துக் கைபேசி மூன்றரை நட்சத்திரம் காட்டுகிறது. ஆனால் மூன்றரை நட்சத்திரச் சாப்பாடு என்று ஒன்றை அந்தக் கடையில் யாரும் சாப்பிட்டதில்லை. அடுப்படிகளைப் பார்த்து, அங்கே நிற்பவர்களிடம் பேசிய பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது, புகழ்ந்தவர் சொன்னதும் உண்மை, திட்டியவர் சொன்னதும் உண்மை. அவர்கள் சாப்பிட்டது வெவ்வேறு கடை. பெயர்ப் பலகை மட்டும்தான் ஒன்று.

பரோட்டாவையே பார்க்கலாம். மைதாவில் உப்பும் எண்ணெயும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி மூடி ஊறவிடுகிறார்கள். பிறகு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, இன்னொரு முறை ஊறவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சும்மா இருக்கிற நேரம். உண்மையில் பாதிப் பரோட்டா அங்கேதான் உருவாகிறது. பிசைந்த கையோடு இறுகி நிற்கும் மாவு அந்த நேரத்தில்தான் தளர்கிறது. தளர்ந்த மாவை வீசினால் அடியில் இருக்கிற மேசை தெரியும் அளவுக்கு விரியும். அதைச் சுருட்டித் தட்டிக் கல்லில் போட்டு, வெந்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்தால் ஏடு ஏடாகப் பிரியும். தளராத மாவோ வீசும்போது கிழியும், அல்லது கிழியாமல் தடித்து நிற்கும். எந்த மாஸ்டரின் கைப்பக்குவமும் அந்த ஊறலுக்கு ஈடாகாது. கூட்டம் கூடிவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த ஊறல்தான். சால்னா கதையும் இப்படித்தான். மாலை ஆறு மணிக்குக் கூட்டி வைத்த அண்டா ஒன்பது மணிக்கு அடி தெரிந்தால், புதிதாக மசாலா வதக்க நேரமில்லை. வெந்நீர்தான் ஊற்ற முடியும். பிரியாணியில் தம் உடைத்ததும் எடுக்கிற தட்டும், மதியம் மூன்று மணிக்கு அண்டாவைச் சுரண்டி எடுக்கிற தட்டும் ஒரே விலைதான், ஒரே சோறு அல்ல. சித்திரை வெயிலில் தோசை மாவு காலையில் ஒரு புளிப்பு, இரவில் ஒரு புளிப்பு.

இது எல்லா ஊருக்கும் பொருந்துமே, செஞ்சிக்கு என்ன தனி என்று கேட்கலாம். செஞ்சிக் கடைக்கு ஒரு விசித்திரமான நாள்காட்டி இருக்கிறது. பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குப் போகிற வண்டிகள் மாலையில் இந்த ஊரைக் கடக்கின்றன, விடியற்காலையில் பசியோடு திரும்புகின்றன. அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். அந்தக் கூட்டம் நள்ளிரவுக்குப் பிறகு கலைகிறது. ஆக மாதத்தில் இரண்டு இரவு, அடுப்பு அணையாது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, விடியும் முன்பே வியாபாரிகள் வந்துவிடுவார்கள். நெல் அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டையோடு வரும் விவசாயிகளும் சுமை தூக்குபவர்களும். ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கிய களைப்போடு வருகிறவர்கள். கார்த்திகை தீபத்தையும் மாசி மயானக் கொள்ளையையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கு நடுவே ஈ ஓட்டும் செவ்வாய்க்கிழமைகளும் உண்டு. இதில் இன்னொரு சிக்கல், கிரிவலத்துக்குப் போகிறவர் சைவம் கேட்பார். மற்ற நாளெல்லாம் பரோட்டா வீசுகிற கை அன்றைக்குப் பொங்கல் கிளற வேண்டும். அந்தக் கோட்டைக்குள் நெற்களஞ்சியங்களைப் பெரிதாகத்தான் கட்டி வைத்தார்கள். முகலாயப் படை 1690களில் ஏறக்குறைய எட்டு ஆண்டு முற்றுகையிட்ட இடம் அது. தானியத்தைச் சேர்த்து வைக்கலாம். ஆள் பலத்தைச் செவ்வாய்க்கிழமை சேர்த்து வைத்துப் பௌர்ணமிக்கு எடுக்க முடியாது.

சின்னக் கடையின் அடுப்படியில் ஒரு படிநிலை இருக்கிறது. குழம்பு, குருமா, பிரியாணி கூட்டுகிற சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், கடைசியில் பாத்திரம் கழுவுகிறவர். பெரும்பாலும் நாள் சம்பளம். வேலைக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. கூட்ட நாளுக்கு வேறு ஊரிலிருந்து மாஸ்டரைப் போனில் அழைக்கிறார்கள். வருகிறவர் தேர்ந்த கைக்காரராகவே இருக்கலாம்; ஆனால் இந்தக் கல் எந்த ஓரத்தில் அதிகம் சுடும், இந்தக் கடைச் சால்னாவில் எவ்வளவு காரம் என்பது அவருக்கு ஒரே இரவில் பிடிபடாது. மறுநாள் அவர் வேறு கடையில் இருப்பார். உணவகத் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் வரம்பு வைத்துத் தமிழ்நாட்டில் 1958இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நள்ளிரவு தாண்டியும் கல் முன்னால் நிற்கிறவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது.

ருசி ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் கருத்தும் மாறுகிறது என்பது எளிய மறுப்பு. அப்படியானால் புகார்கள் ருசியைப் பற்றி இருக்க வேண்டும். நான் கேட்டவற்றில் காரம் கூடுதல், குறைவு என்கிற பேச்சு சொற்பம். தாமதம், ஆறியது, தீர்ந்துவிட்டது, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்பவைதான் அதிகம். இவை நாக்கின் வேறுபாடு அல்ல, ஆள் பற்றாக்குறையின் அடையாளம். இதைவிடக் கனமான மறுப்பு, காசு கொடுத்தவன் எதற்குக் கடையின் கஷ்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. எச்சில் ஒட்டிய டம்ளருக்கும் துடைக்காத மேசைக்கும் பில்லில் ஏறிய தப்புக் கணக்குக்கும் பௌர்ணமியைச் சாக்காகச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமையும் அவை அப்படியே இருந்தால் அது முதலாளியின் தேர்வு. பார்க்கப்போனால் கூட்ட நாளில் எத்தனை ஆள் போடுவது என்பதும் அவர் தேர்வுதான். ஆனால் கோபம் கல்லா வரை போவதில்லை, தட்டு கொண்டுவருகிற சப்ளையரோடு நின்றுவிடுகிறது. அவரைத் திட்டிவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவருக்கு, அந்தத் தட்டு எத்தனை மணிக்கு எப்படிக் கிளம்பியது என்பதில் சப்ளையருக்குப் பங்கே இல்லை என்பது தெரிவதில்லை.

பெரிய உணவகங்கள் மட்டும் எப்படி ஒரே மாதிரி தருகின்றன? 1981இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். சரியான உதாரணம்தான், காரணத்தையும் சேர்த்துச் சொன்னால். பொதுச் சமையற்கூடம் ஒரு பக்கம். தங்குமிடம், மருத்துவச் செலவு என்று தொழிலாளியை நிறுத்திவைத்துக்கொண்ட ஏற்பாடு இன்னொரு பக்கம். நிறுவனர் பின்னாளில் கொலை வழக்கில் தண்டனை பெற்றது இந்தக் கணக்கை மாற்றவில்லை, அவரைப் புனிதராக்கவும் வேண்டியதில்லை. ஆள் நிலைத்தால் சாம்பார் நிலைக்கும். அதற்கான விலையை அங்கே இட்லியிலேயே வாங்கிவிடுகிறார்கள். செஞ்சிக் கடை அந்த விலையைச் சொன்னால் சந்தைக்கு வந்தவர் எழுந்து போய்விடுவார். நட்சத்திரத்துக்குப் பதிலாகத் தர முத்திரை குத்துவதும் முழுத் தீர்வல்ல. வெளிநாடுகளில் நடக்கும் தாய்லாந்து உணவகங்களுக்கு அந்த நாட்டு அரசு 'தாய் செலக்ட்' என்று ஒரு முத்திரை வழங்குகிறது. உணவு அசல்தானா என்பதற்கு அது சாட்சி சொல்லும். சனிக்கிழமை இரவு அடுப்படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதற்குச் சொல்லாது.

2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். இனி வருகிறவர்களில் பலர் கைபேசியில் நட்சத்திரம் பார்த்துத்தான் கடைக்குள் நுழைவார்கள். அவர்களுக்கு உதவக்கூடிய கருத்து, எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன் என்று சொல்கிற கருத்து மட்டுமே. கடைக்காரர் பக்கத்தில் செய்யக்கூடியது, பௌர்ணமி இரவில் பரோட்டாவை நிறுத்திவிட்டு இட்லி, பொங்கல், சாம்பார் மட்டும் என்று பலகையில் எழுதிவிடுவது. பொங்கலுக்கு மாவு ஊற வேண்டாம், பெரிய அண்டாவில் ஒரே கையால் இறக்கலாம், விடியும்வரை சூடாக வைக்கலாம். 'எதைக் கேட்டாலும் இல்லை என்கிறார்கள்' என்று அதற்கும் ஒற்றை நட்சத்திரம் விழும். விழட்டும். சப்ளையர் நூறு பேரிடம் வாங்குகிற திட்டைவிட முதலாளி பெயரில் விழுகிற அந்த நட்சத்திரம் நியாயமானது.