அறுந்த இழையைச் சேர்க்கும் கை

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் ஸ்பின்னிங் பகுதிக்குள் நுழைந்ததும் முதலில் காதை அடைப்பது சத்தம். அடுத்து உடம்பில் ஒட்டுவது ஈரமான வெக்கை. காற்று காய்ந்தால் இழை அறுபடும் என்பதால் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பஞ்சுக்கு ஏற்ற காற்று அது. அதற்குள் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிற மனிதர்களுக்கு ஏற்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்டும் இந்தக் காற்றில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு ரிங் பிரேமுக்கும் முன்னால் தலைத்துணியும் ஏப்ரனும் கட்டிய பெண்கள். சில வரிசைகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள். மில்காரர்கள் இவர்களை சைடர் என்கிறார்கள், மெஷினின் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவர் என்ற பொருளில். ஆனால் இவர்களில் பலருக்குச் சம்பளப் பதிவேட்டில் இருக்கும் பெயர் டிரெய்னி. இரண்டு மூன்று ஆண்டு இதே மெஷினை ஓட்டியவருக்கும் பல மில்களில் அதே பெயர்தான். அந்தச் சொல் பொய் என்பதே என் வாதம். இந்த வேலை ஒரு கைத்திறன், அதைச் செய்பவர் தொழில் தெரிந்தவர். தெரியாதவர் என்று எழுதி வைத்திருப்பதற்குக் காரணத்தை அந்த மெஷினில் தேடினால் கிடைக்காது, கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

ஓர் இழை அறுந்தால் என்ன நடக்கிறது என்று அருகில் நின்று பார்த்தாலே இது விளங்கும். ரிங் பிரேம் அதற்காக நிற்பதில்லை. மேலே ரோவிங் பாபினிலிருந்து இறங்கும் பஞ்சுத் திரி உருளைகளுக்கு நடுவில் மெலிந்து வந்துகொண்டே இருக்கும். அதை வாங்கி முறுக்கக் கீழே நூல் இல்லாததால் உறிஞ்சுகுழாய் இழுத்துக் கழிவுப் பெட்டிக்கு அனுப்பிவிடும். சைடர் அந்த இடத்துக்கு வந்ததும் முழங்காலால் பிரேக்கைத் தள்ளி அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்துகிறார். கதிரில் நூல் சுற்றியிருக்கும் காப்பில் புதைந்துபோன நுனியைத் தேடிப் பிரித்தெடுத்து, வளையத்தின் மேல் இருக்கும் டிராவலருக்குள் கோத்து, மேலேயுள்ள கம்பிச் சுருள் வழியாகக் கொண்டுவந்து, முழங்காலை எடுக்கிறார். கதிர் சுழலத் தொடங்கும் அந்த நொடியிலேயே நுனியை முன் உருளையின் வாயில் வந்துகொண்டிருக்கும் பஞ்சின் மேல் வைத்துவிட வேண்டும். முடிச்சு எதுவும் கிடையாது. முறுக்கு ஏறித் தானே பிடித்துக்கொள்கிறது. பழகிய கைக்கு இத்தனைக்கும் பத்து நொடிகூட ஆவதில்லை. நுனி நீளமாக ஒட்டினால் அந்த இடத்தில் நூல் தடித்துவிடும், வைண்டிங்கில் மின்னணுக் கண் அதைக் கண்டுபிடித்து வெட்டிவிடும். குட்டையாக ஒட்டினால் பிடிப்பு போதாமல் மறுபடி அறுபடும். டிராவலர் என்பது விரல்நகத்தைவிடச் சிறிய எஃகுக் கொக்கி. 36 மில்லிமீட்டர் வளையத்தில், கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும்போது, அது ஏறக்குறைய மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்த வேகத்தில் ஓடும் பக்கத்துக் கதிர்களுக்கு நடுவில்தான் விரல்கள் போய்வருகின்றன.

இதை எத்தனை முறை செய்கிறார்கள் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,008 கதிர் கொண்ட இரண்டு மெஷின் ஒருவர் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மில்களில் இது அதிசயமான எண்ணிக்கை அல்ல. ஒழுங்காக நடக்கும் ஆலையில்கூட நூறு கதிர் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மூன்று இழை அறுபடும். மூன்று என்றே கொண்டால் நிமிடத்துக்கு ஓர் அறுப்பு, ஷிப்டுக்கு 480. கதிருக்கும் கதிருக்கும் 70 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு பக்கத்துக்கு 504 கதிர், ஆக ஒரு பக்கம் 35 மீட்டர். நான்கு பக்கமும் சுற்றினால் 140 மீட்டர். மணிக்குப் பத்துச் சுற்று என்றால் எட்டு மணி நேரத்தில் 11 கிலோமீட்டர். ரோவிங் தீர்ந்த இடத்தில் புதிது மாட்டுவதும், உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சை ரப்பரில் கீறல் விழாமல் எடுப்பதும் இந்த நடைக்கு நடுவிலேதான். நாற்பதாம் நம்பர் நூலில் இந்த 2,016 கதிர்களிலிருந்து ஒரு ஷிப்டுக்கு 240 கிலோ அளவுக்கு நூல் வரும். நீளத்தில் அது 16,000 கிலோமீட்டருக்கு மேல், அதாவது கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகும் நெடுஞ்சாலையைப் போல நான்கு மடங்கு. இதில் ஓர் அறுப்பைக் கவனிக்காமல் விட்டால் நிமிடத்துக்கு 18 மீட்டர் நூலுக்கான பஞ்சு குழாய்க்குள் போகிறது.

நூற்பது மெஷின்தானே, இவர்கள் அறுந்ததைச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். சேர்ப்பது வேலையின் பாதிதான். ஒரே கதிரில் திரும்பத் திரும்ப இழை அறுபட்டால் நல்ல சைடர் சும்மா சேர்த்துவிட்டுப் போவதில்லை. டிராவலர் தேய்ந்ததா, மேலுருளை ரப்பரில் பள்ளம் விழுந்ததா, கதிர் வளையத்தின் நடுவில் நிற்கவில்லையா என்று பார்த்து, அடையாளம் போட்டு, பிட்டருக்குச் சொல்கிறார். இதைவிட நுட்பமானது அறுபடாத கோளாறு. கதிரைச் சுழற்றும் டேப் தளர்ந்தால் அந்தக் கதிர் மட்டும் மெதுவாகச் சுழலும், நூலில் முறுக்கு குறையும். நூல் வந்துகொண்டேதான் இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அந்த நூல் திருப்பூரில் துணியாகிச் சாயம் ஏறிய பிறகுதான் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஆயிரம் கதிருக்கு நடுவில் ஒன்றின் நூல் தளர்வாக ஓடுவதைக் கண்ணாலும் விரலாலும் கண்டுகொள்வதற்குத் திறமை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளும் வேலையைத் திறமை என்று சொல்லலாமா என்பது நிர்வாகங்கள் வைக்கும் வலுவான கேள்வி. இழை சேர்க்கும் செய்முறையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம் என்பது உண்மையே. அந்த வேகம் கைக்கு வருவதற்கும், மேலே சொன்ன கோளாறுகளைப் பார்வையிலேயே பிடிப்பதற்கும் கூடுதல் காலம் வேண்டும். அது கிடக்கட்டும், நிர்வாகத்தின் கணக்கையே ஏற்றுக்கொள்வோம். மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான்காம் மாதத்திலிருந்து அவர் எதைப் பயில்கிறார்? வேலை எளிது என்ற வாதமும் பயிற்சி மூன்றாண்டு என்ற ஏற்பாடும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டத்தின்படி 24 மாத காலத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. டிரெய்னி என்று எழுதிவிட்டால் அந்த 480 நாள் கணக்கே தொடங்கவில்லை என்று வாதிட முடிகிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழை வீட்டுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்று சொல்லி வேலை வாங்கியதும் இதன்மேல் நின்றுதான். 2011-இல் நெதர்லாந்து அமைப்புகள் அது பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகு வெளிநாட்டு வியாபாரிகள் கேள்வி கேட்டார்கள், திட்டத்தின் பெயர் மெல்ல மறைந்தது. டிரெய்னி என்ற சொல் மட்டும் பதிவேட்டில் தங்கிவிட்டது. முன்பு நிலைமை வேறு. கோவையில் முதல் மில் 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாகப் பல மில்கள் எழுந்தன. அந்த மில்களில் சங்கம் வலுவாக இருந்த காலத்தில் இதே ரிங் பிரேமின் முன்னால் நின்றவர்கள் பஞ்சப்படியும் பணிக்கொடையும் பெற்ற நிரந்தரத் தொழிலாளிகள். மெஷினின் தத்துவம் மாறவில்லை, அறுந்த இழையைச் சேர்க்கும் முறை மாறவில்லை. முன்னால் நிற்கிற ஆள் யார் என்பது மாறியதும் பதவியின் பெயரும் மாறிப்போனது.

கூலி ஏற்றினால் மில் தாங்காது என்பதை நான் தட்டிவிட மாட்டேன். சின்ன மில்கள் பல நட்டத்தில் ஓடுகின்றன, சில பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் நூல் விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலை. அடுத்த பெரிய செலவு மின்சாரம். கூலி அதை ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கிறது. பஞ்சு விலை ஒரு சீசனில் ஏறி இறங்குவதைத் தாங்குகிற மில், சைடரின் கூலி நியாயமான அளவு ஏறினால் மட்டும் விழுந்துவிடும் என்று நம்புவது கடினம். பஞ்சைக் கழிவாக விடுவதும் நூலாக்குவதும் அந்தக் கையில் இருப்பதால், தேர்ந்த ஆளைத் தக்கவைப்பது மில்லுக்கே லாபம். புதிய ஆட்கள் அதிகம் இருக்கிற ஷிப்டில் கழிவுப் பெட்டி சீக்கிரம் நிறையும் என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரியும்.

இன்னும் சில ஆண்டில் இதையும் மெஷினே செய்துவிடும் என்பார்கள். காப்புகளைக் கழற்றி மாட்டும் டாபர் வேலையைப் பல மில்களில் மெஷின் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. இழை சேர்க்கும் ரோபோவையும் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் 2019-இல் பார்சிலோனா கண்காட்சியில் காட்டியது. ஜான் தார்ப் அமெரிக்காவில் ரிங் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1828-இல். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டாக மற்றதெல்லாம் தானியங்கியான பிறகும் கடைசிவரை மனிதக் கைக்கே விட்டுவைக்கப்பட்ட வேலை இது. எளிதாக இருந்திருந்தால் எப்போதோ போயிருக்கும்.

ஆளெடுக்கும்போதும் பயிற்சியின்போதும் இழை சேர்க்க எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பது மில்களில் உண்டு. ஆகவே திறமையை அளக்க முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படி அளந்ததை ஒரு சான்றிதழாக எழுதி, கையொப்பமிட்டு, அவர் கையில் கொடுத்தால் போதும். அடுத்த மில்லில் கூலி பேச அவருக்கு ஒரு காகிதம் இருக்கும். இப்போது அது கிடையாது. கல்யாணமாகிப் போய், பிள்ளை பெற்று, நான்கைந்து ஆண்டு கழித்து வேறொரு மில் வாசலுக்கு வருகிற பெண்ணுக்கும், ஊருக்குப் போய்த் திரும்பி வருகிற ஒடிசாக்காரருக்கும் ஸ்பின்னிங்கில் முதல் சுற்று நடக்கும்போதே கை பழையபடி ஓடத் தொடங்கிவிடும். பதிவேட்டில் அவர்களுடைய பெயருக்கு எதிரே அன்றைய தேதியும், மறுபடி டிரெய்னி என்ற சொல்லும் விழும்.