மெருகு

அம்மி கொத்துகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போன காலத்தில், கல்லைப் பராமரிப்பது என்றால் அதைச் சொரசொரப்பாக்குவது என்றே பொருள். அரைத்து அரைத்து வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் மசியாது. உளியால் பொளிந்து அதன் பற்களைத் திரும்ப எழுப்பித் தரவேண்டும். இன்று கல்லுக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர் நேரெதிர்த் திசையில் வேலை செய்கிறார். அவரிடம் நாம் கேட்பது வழவழப்பை. முகம் தெரியும் வழவழப்பை. அதை மெருகு என்கிறோம்.

மெருகு என்ற சொல்லோடு நம் மொழி சேர்க்கும் வினைகள் விசித்திரமானவை. மெருகு ஏற்றுகிறோம், மெருகு பூசுகிறோம், மெருகு கூட்டுகிறோம். எல்லாமே மேலே எதையோ சேர்ப்பதைச் சொல்பவை. கல்லின் விஷயத்தில் நடப்பது சேர்த்தல் அன்று, கழித்தல். கீறல் விழுந்த பரப்பில் ஒளி பட்டுச் சிதறுகிறது. ஆகவே கல் மங்கித் தெரிகிறது. அக்கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கல்லைத் தேய்த்து நீக்கிவிட்டு, தேய்த்ததால் விழுந்த புதிய சிறு கீறல்களை அவற்றினும் நுண்ணிய கீறல்களால் நீக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கீறல்கள் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிடும். அதுதான் பளபளப்பு. 50 என்ற எண்ணுள்ள வைரத்துகள் வில்லையில் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஏறும் வரிசை இதற்காகத்தான். எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய படியின் கீறல் அப்படியே நின்றுவிடும். கடைசியில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பாளையங்கோட்டையில் அம்மா இருக்கும் வீட்டுக் கூடத்துத் தரையைச் சீர்செய்ய நேர்ந்தபோதுதான் இதையெல்லாம் கவனித்துப் பார்க்க வாய்த்தது. 1994இல் அப்பா போட்ட வெள்ளை மக்ரானாப் பளிங்கு. தாஜ்மகாலின் கல் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவர் அந்தத் தரைக்கு ஒரு குலப்பெருமை உண்டாக்கி வைத்திருந்தார். முப்பது ஆண்டு நடமாட்டத்தில் வாசலிலிருந்து அடுக்களைக்குப் போகும் வழி ஒற்றையடிப் பாதைபோல் மங்கிக் கிடந்தது. பூசையறை வாசலில் எண்ணெய் இறங்கிய கருமை. உணவு மேசையைச் சுற்றி, விளிம்பு தெளிவான வெள்ளை வட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கல்யாணத்துக்கு முன்பு வெள்ளையடிக்க வந்தவர், சிந்திய வண்ணத்தை நீக்குகிறேன் என்று கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டுப் போன மூலை. தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

பளிங்கு கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பின் உடன்பிறப்பு. அமிலம் பட்டால் நுரைத்து, கரியமில வாயுவை விட்டுக் கரைந்துபோகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வேண்டும் என்பதில்லை. எலுமிச்சைச் சாறு போதும், புளிக்கரைசல் போதும், ரசம் வழிந்த டம்ளர் போதும். மேசையைச் சுற்றியிருந்த வெள்ளை வட்டங்களை அம்மா பல ஆண்டுகள் கறை என்றே எண்ணித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவை கறைகள் அல்ல. கல் இல்லாமற்போன இடங்கள். துடைத்து எப்படிப் போகும்? நம் பழைய வீடுகளின் அடுக்களைகளில் மேடையும் அலமாரித் தட்டுமாக இருந்த கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. அதன் கறுப்பின்மேல் படரும் சாம்பல் பூச்சுக்கும் இதே புளிதான் காரணம். கிரானைட் என்று கடைகளில் விற்கப்படுபவற்றுக்கு அந்த அச்சம் பெரும்பாலும் இல்லை. படிகக்கல்லும் களிக்கல் தாதுக்களுமான சிலிகேட் பாறை சமையலறைப் புளிப்புக்கு அசையாது. (கடைக்காரர் கிரானைட் என்பதையெல்லாம் புவியியலாளர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது வேறு விஷயம். மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் எத்தனை எத்தனை பெயர்களில் பலகைகளாகிக் கப்பலேறின!)

கடினத்திலும் இந்த வேறுபாடு உண்டு. மோஸ் அளவையில் பளிங்கின் கால்சைட் 3. தெருமண்ணில் கலந்துள்ள படிகத்துகள் 7. செருப்பில் ஒட்டிவரும் ஒவ்வொரு மணலும் பளிங்குக்கு ஓர் உளி. ஜவுளிக்கடைகளில், வங்கிகளில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் வரும் முதல் நாலைந்தடித் தரையைப் பாருங்கள். மங்கல் அங்கேதான் தொடங்கும். நீளமான மிதியடி ஒன்றை வாசலில் விரித்து அதைத் தினமும் உதறினாலே பாதிச் செலவு மிச்சம். ஆனால் வணிகக் கட்டடங்களில் மிதியடிக்குச் செலவழிப்பதைக் காட்டிலும் மெழுகுக்குச் செலவழிக்கவே விரும்புகிறார்கள். பூசிய மெழுகு அழுக்கைப் பிடித்துக்கொண்டு மஞ்சளிக்கும். அதன்மேல் இன்னொரு பூச்சு.

நிற்க. சிங்கப்பூரிலிருக்கும் தம்பிக்கு இந்த வைத்தியமெல்லாம் வீண் வேலை. தரையின் மேலேயே விட்ரிஃபைட் ஓடு ஒட்டிவிடலாம், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றான். வந்து பார்த்த ஒப்பந்தக்காரரும் அதையே சொன்னார். பளிங்கைக் காப்பாற்றுவதில் அவருக்கு என்ன ஆதாயம்? நான் தேடிப்பிடித்து அழைத்துவந்தது ராஜஸ்தானிலிருந்து வந்து இங்கே பத்தாண்டுக்கு மேலாக வேலை செய்யும் இருவரை. அவர்களுள் மூத்தவர் பேசிய தமிழ் நெல்லைத் தமிழ். தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கல்லு நல்லாத்தான் இருக்கும்மா, மேல்தோல்தான் போயிருக்கு" என்றார்.

முதலில் பூசையறை வாசலுக்குப் பத்துப் போட்டார்கள். ஆம், பத்துதான், வீங்கிய முழங்காலுக்கு நாம் போடுவதேதான். எண்ணெயை இளக்கும் திரவத்தில் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டார்கள். காயும்போது களிமண் உள்ளே இறங்கியிருந்த எண்ணெயை மேலே உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு முறை செய்ததில் கருமை முக்காலும் போய்விட்டது. தாஜ்மகாலுக்கு இந்தியத் தொல்லியல் துறை 1994இலும் 2001இலும் பின்னர் பலமுறையும் முல்தானி மட்டி அப்பிக் கழுவியதும் இவ்வகை வைத்தியமே. அப்பா இருந்திருந்தால் இதையும் வருகிறவர்களிடம் சொல்லியிருப்பார். இதற்கு நேர்மாறான வைத்தியமும் நம்மூரில் நடந்தது. கோயில் சுவர்களின் எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்க மணலை வேகமாகப் பீய்ச்சியடித்தார்கள். அழுக்கோடு சிற்பங்களின் உளி நேர்த்தியும் கல்வெட்டின் எழுத்து விளிம்புகளும் போயின. அம்முறைக்குப் பிறகு தடை வந்தது. தேய்ந்துபோன ஒரு கல்வெட்டின் முன்னால் மாணவர்களை நிறுத்தி இங்கே ஒரு வரி இருந்தது என்று சொல்ல நேரும்போது எழும் கோபத்தை அடக்குவது கடினம்.

பின்னர் தேய்ப்பு. நீரூற்றிக்கொண்டே பொறியை ஓட்ட, அரிசி களைந்த தண்ணீர்போல் வெள்ளைக்குழம்பு கூடமெங்கும் பரவியது. ஓரங்களைக் கைப்பொறியால் தேய்க்கும்போது இளையவர் நீரில்லாமல் தொடங்கினார். வேலை விரைவாக நடக்குமாம். நிறுத்தச் சொல்லி, நீர் விட்டே செய்யச் சொன்னேன். பளிங்குத் தூசியில் சிலிகா குறைவுதான். ஆனால் இதே கைகள் நாளை கிரானைட்டைத் தேய்க்கும், அதற்கடுத்த நாள் மணற்கல்லை. நுரையீரலில் படிந்த சிலிகாவைக் கழுவியெடுக்க மருந்தில்லை. அவர்களுடைய மாநிலம் அந்நோய்க்கென்றே 2019இல் தனிக் கொள்கை வகுக்க வேண்டியிருந்தது. மூத்தவர், ஊரில் தன் சித்தப்பா அப்படித்தான் போனார் என்றார். சொல்லிவிட்டு முகத்தில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டார்.

நான்காம் நாள் 400ஆம் எண்ணுக்கு வந்தபோதுதான் சண்டை. பளிங்கு அப்போது பால் ஏடுபோல் மங்கலாக, வடுவின்றி, ஒரே சீராக இருந்தது. இன்னும் மூன்று எண்களும் கடைசியில் ஆக்சாலிக் அமிலத் தூள் போட்ட தேய்ப்பும் பாக்கி, கண்ணாடியாகிவிடும் என்றார்கள். கைப்பேசிக் காணொளியில் தம்பியும் அதையே வற்புறுத்தினான். செலவு செய்வது செய்கிறோம், பாதியில் ஏன் நிறுத்த வேண்டும்? அம்மா ஈரத்துணியால் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு, அதன்மேல் வெறுங்காலால் மெல்ல நடந்து பார்த்தாள். பக்கத்து வீட்டில் புது ஓட்டின்மேல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஆச்சி, பின்பு கட்டிலை விட்டு எழவேயில்லை. அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது.

"ஏட்டி, மொகம் பாக்கத்தான் கண்ணாடி இருக்கே. தரையில எதுக்கு?" என்றாள்.

அங்கேயே நிறுத்தினோம். கறை இறங்காதிருக்க உள்ளூறும் காப்புத் திரவம் ஒன்றை மட்டும் தடவினார்கள். அது எண்ணெயைத் தாமதப்படுத்தும், எலுமிச்சையைத் தடுக்காது என்பதை மூத்தவர் நேர்மையாகவே சொன்னார். உப்புப் பூக்கும் சுவரோரத்தில் தடவ மறுத்துவிட்டார். கீழேயிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியடைத்தால் கல் செதில் செதிலாகப் பெயரும் என்றார்.

அப்பாவின் மரபீரோ ஒன்றை மட்டும் நகர்த்தவில்லை. முதல்நாள் அவர்கள் அதைச் சற்றே சாய்த்துப் பார்த்தபோது, அடியில் 1994ஆம் ஆண்டுப் பளபளப்பு அப்படியே இருந்தது. யார் காலும் படாத ஆறு சதுர அடி. தரை முழுதும் ஒன்றுபோல் ஆகவேண்டுமானால் அதையும் தேய்த்தாக வேண்டும் என்றார் மூத்தவர். அம்மா பீரோவைத் திரும்ப நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்குக் காப்பி போடப் போனாள்.